எங்களைத் தேநீருக்கு அனுப்பிய போமன்

இது நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. கனகசபை போமனுக்கு நூற்றாண்டு மலர் போடுகிறோம், அவரிடம் வேலை பழகியவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவருடைய பேரன் வீடு தேடி வந்து கேட்டான். நல்ல பொடியன். வவுனியாவில் கராஜ் வைத்திருக்கிறான். பழங்காலத்துக் கார்களைத் தேடி வாங்கிப் புதுக்கி, கொழும்புக்காரருக்கு விற்கிறான். போகும்போது மலரில் வரப்போகும் மற்றக் கட்டுரைகளின் அச்சுப்படியையும் என் கையில் தந்தான். "பாத்துக்கொள்ளுங்கோ ஐயா, நீங்கள் எழுதுறதும் அதோடை ஒத்துப்போகவேணும்" என்றான்.

ஒத்துப்போக வேண்டுமாம்.

அச்சுப்படியின் நடுவில் ஒரு பெரிய கட்டுரை. எழுதியவர் போமனை ஒருநாளும் கண்டிராதவர். அதில் இப்படி இருக்கிறது: "ஒட்டுசுட்டானில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர், போமன் சொல்லச் சொல்லக் கேளாமல் நெல் மூடைகளை ஏற்றி எஞ்சினைப் பாழாக்கினார். அதனால் பாம்பு கடித்த ஒருவரின் உயிர் வழியிலேயே போயிற்று." பெயர் இல்லை. பெயர் எதற்கு? ஒட்டுசுட்டானில் அந்தக் காலத்தில் வாடகைக் கார் வைத்திருந்தவர் ஒருவர்தான். வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும், அது மீரான் நானா.

இதைப் படித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் எழுதுகிறேன், கோபத்தில்தான் எழுத வேண்டும். ஆறிப் போனால் நானும் நாகரிகம் பார்த்து எதையாவது மழுப்பிவிடுவேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளம் கட்டும் வேலைக்கு வந்த டிராக்டர்களில் கிறீஸ் பூசப் போனவன் நான். இரும்போடு பழகிய கை. ஐம்பதுகளின் கடைசியில், கனகசபை போமனாக, அதாவது தலைமை மெக்கானிக்காக, இருந்த மாங்குளம் சந்திக்குப் பக்கத்துக் கராஜில் சேர்ந்தேன். அங்கே வேலை செய்த எல்லோரும் என்னைப் போல டிராக்டர், லொறி என்று வந்தவர்கள்தான். நட்டு முறுக்குவதென்றால் கை நோகும்வரை முறுக்கி, அதற்குமேல் மூச்சைப் பிடித்து இன்னும் ஒரு இழுவை இழுப்போம். அந்தக் கடைசி இழுவைதான் ஆம்பிளைத்தனம் என்று நினைத்திருந்தோம். இந்தப் பழக்கம் பிறகு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

கனகசபை போமன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சாரம், கைமுட்டிக்கு மேலே மடித்த சேட். எஞ்சினுக்குக் கிட்டப் போகமாட்டார், முதலில் மூன்று நாலு அடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். "ரெண்டாவது வால்வு. பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்பார். கழற்றிப் பார்த்தால் சரியாக அதுதான். வேலை முடிந்ததும் பஞ்சுக் கழிவை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், சின்ன விரலில் தொடங்கிப் பெருவிரல் வரைக்கும். அது முடியும்வரை காசுக்காரனோ பொலிஸ்காரனோ யாராக இருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கெட்டித்தனமான மனிசன். அதை நான் மறைக்கவில்லை. காதால் பழுது கேட்க எனக்குப் பழக்கியவர் அவர்தான்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது ஸ்டட் ஏற்றும் கட்டம் வரும். ஸ்டட் என்பது இரண்டு பக்கமும் புரி வெட்டிய நீளக் கம்பி. ஒரு முனை எஞ்சினின் உடம்புக்குள் இறங்கும், மறுமுனையில் நட்டுப் போட்டு மேல்மூடியை இறுக்குவோம். மூடியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்தக் கட்டம் வந்ததும் போமன் எங்கள் பக்கம் திரும்பாமலே சொல்வார்: "தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

நாங்கள் எல்லோரும் சாமான்களை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து எதிர்த் தேநீர்க் கடைக்குப் போய்விடுவோம். திரும்பி வரும்போது ஸ்டட் எல்லாம் வரிசையாக நிற்கும். போமன் விரல் துடைத்துக்கொண்டு நிற்பார். ஸ்டட் ஏற்றும்போது அவர் ஏதோ மந்திரம் சொல்கிறார், அதனால்தான் அவர் கை வைத்த எஞ்சின் நிற்பதில்லை என்று கராஜில் கதை. நானும் நம்பினேன். பிறகு சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவோம். சனம் அவரைக் கைராசிக்காரர் என்றது.

மீரான் நானா முல்லைத்தீவுக்காரர். மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு ஒட்டுசுட்டானில் வாடகைக் கார் ஓட்ட வந்தவர். அவர் வாங்கியது கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவிட்டு விற்ற ஜெர்மன் கார். ஆமை முதுகு, பின் கண்ணாடி இரண்டு துண்டு, எஞ்சின் பின்னால். அதற்குத் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. காற்றாடி ஒன்று சுழன்று காற்றாலேயே எஞ்சினைக் குளிர்விக்கும். தண்ணி ஊற்றாத கார் என்று சனம் வேடிக்கை பார்க்க வரும். மாங்குளம் ரயிலுக்கு ஆட்களைக் கொண்டுபோவதும், முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரரைக் கொண்டுபோவதும் அந்தக் கார்தான். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யானைக்குப் பயந்து பஸ்ஸே ஓடாத ரோட்டில் மீரான் நானா ஓடுவார்.

அந்த எஞ்சினின் உடம்பு இரும்பு இல்லை. மக்னீசியம் கலந்த ஒரு மெல்லிய உலோகம், தூக்கினால் பாரமே தெரியாது. அதில் நேராகப் புரி வெட்டி, பதினாறு நீள ஸ்டட்டுகளை இறக்கியிருப்பார்கள். சூடாகும்போது சிலிண்டர் நீளும், ஸ்டட்டை இழுக்கும். வன்னி வெயிலில், புழுதியில், பதர் பறக்கும் ரோட்டில் இழுத்து இழுத்து அந்த மெல்லிய புரி தளர்ந்துவிடும். எங்களைப் போல டிராக்டர்க்காரன் ஒருவன் மூச்சைப் பிடித்துக் கடைசி இழுவை இழுத்தால் சொல்லவே தேவையில்லை. புரி அப்படியே உரிந்து, ஸ்டட்டோடு சுருள் சுருளாக வெளியே வரும்.

மீரான் நானாவின் கார் ஒரு நாள் இடது பக்கம் சூ சூ என்று காற்று விட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தது. போமன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மூடி எழும்பீட்டுது. ஸ்டட் பிடியேல்லை" என்றார். எஞ்சினை இறக்கி நாங்கள் இடது பக்க மூடியைக் கழற்றினோம். நட்டைத் திருப்பினால் முடிவில்லாமல் சுற்றியது. நாலு ஸ்டட் கையாலேயே வெளியே வந்தது.

"இதுக்கு என்ன செய்யிறது ஐயா?" என்று நான் கேட்டேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்தது.

போமன் சொன்னார்: "நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

வந்தோம். ஸ்டட் எல்லாம் நின்றது. போமன் நட்டுகளைத் தன் கையாலேயே முறுக்கினார். வழக்கமாக எங்களிடம் விடுகிறவர், அன்றைக்கு விடவில்லை. தேங்காய் உடைத்தோம். மீரான் நானா முகமெல்லாம் சிரிப்பாகப் போனார்.

அந்த வருசம் சிறுபோக அரிவு வெட்டின்போது, முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் நாகலிங்கம் என்ற கமக்காரருக்குப் புடையன் பாம்பு கடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர், காடு வெட்டி வயலாக்கியவர். மத்தியானம் கடித்தது. மீரான் நானாவைக் கூப்பிட்டு ஆள் ஓடியது. அவர் காலையில் இரண்டு மூடை நெல் ஏற்றி இறக்கிவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தவர், கையைக் கழுவிக்கொண்டு எழும்பி ஓடினார். நாகலிங்கத்தைப் பின்சீற்றில் கிடத்தி, மனைவி தங்கம்மாவையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு விட்டார். பாதி வழியில் எஞ்சின் பெரிய சத்தம் ஒன்று போட்டு நின்றுவிட்டது. காட்டு ரோடு, வேறு வாகனம் இல்லை. மீரான் நானா ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பே நாகலிங்கம் செத்துப்போனார்.

செத்தவீட்டுக்குக் கராஜிலிருந்து போமன் போனார். நானும் கூடப் போனேன். மீரான் நானா படலையடியில் நின்றார், உள்ளே வரவில்லை. யாரோ ஒருவர் போமனிடம், "ஏன் ஐயா கார் நிண்டது? நீங்கள் திருத்தின கார்தானே?" என்று கேட்டார். போமன் அமைதியாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் என்ன செய்ய? அது ஆக்களை ஏத்திற கார், லொறி இல்லை. நெல்லு மூடை ஏத்தாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். காசாசை."

தங்கம்மா அக்கா நிமிர்ந்து படலையடியைப் பார்த்தா. பிறகு அவ சொன்னதை இங்கே எழுத மாட்டேன். புருசனைப் பறிகொடுத்தவ அன்றைக்கு எதையும் சொல்லலாம். மீரான் நானா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு ஒட்டுசுட்டானில் அவரை யாரும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. சோனகன் காசுக்காக மனிசரைக் கொல்லுவான் என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார். நான் அங்கே இருந்தேன். நெல் மூடை ஏற்றியது உண்மைதானே என்று நினைத்து நான் அப்போது பேசவில்லை.

காரை மாடு கட்டி இழுத்து வந்து கராஜின் பின்பக்கம் விட்டிருந்தார்கள். "எஞ்சின் முடிஞ்சுது, கழட்டிப் பாக்கிறதிலை பிரயோசனம் இல்லை" என்றார் போமன். சொல்லிவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போனார். அவர் போன அடுத்த காலை மீரான் நானா வந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"தம்பி, இதைக் கழட்டு" என்றார்.

"போமன் பிரயோசனம் இல்லை எண்டவர், நானா."

"ஓடுறதுக்குச் சொல்லேல்லை. நான் காரை வித்துப்போட்டுப் போயிடுவன். அந்த மனிசனைச் சாகடிச்சது நான்தானோ எண்டு எனக்குத் தெரியவேணும். நான் ஏத்தின ரெண்டு மூடை நெல்லோ சாகடிச்சது? கழட்டிப் பாத்துச் சொல்லு. ஓம் எண்டாலும் சொல்லு. இல்லை எண்டாலும் சொல்லு. தொழுகையிலை நிண்டாலும் எனக்கு அந்த நினைப்புத்தான்."

இப்படிக் கேட்கிற மனிசனுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? எஞ்சினை இறக்கினேன். இடது மூடி கையோடு வந்தது. அன்றைக்குக் கையால் வெளியே வந்த அந்த நாலு ஸ்டட்டும் திரும்பவும் வெளியே வந்தன. அவற்றின் புரியில் ஏதோ மினுங்கியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். மடித்து, ஸ்டட்டைச் சுற்றி இறுக்கி, உரிந்துபோன ஓட்டைக்குள் திருகியிருந்தார்கள். பொன்னிறத் தாள். எங்கள் கராஜில் நாங்கள் எல்லோரும் பீடி. பொன்னிறத் தாள் வைத்த சிகரெட் குடித்தவர் ஒரே ஒருவர்தான்.

ஸ்டட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த் தேநீர்க் கடையைப் பார்த்தேன். இத்தனை வருசமாக ரோட்டைக் கடந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோமே, இதற்காகவா? மந்திரம் என்றோம். கைராசி என்றோம். அது சிகரெட் தாள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நடுக்காட்டில் நின்றுபோன வாகனத்தை வீடுவரை கொண்டுவர ஈயத்தாள் சுற்றுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்ததுதான். நானும் செய்திருக்கிறேன். ஆனால் செய்தவன், "இது வீடு போய்ச்சேர மட்டும்தான், மெதுவாய்ப் போ" என்று ஓட்டுகிறவனிடம் சொல்லிவிடுவான். கனகசபை போமன் சொல்லவில்லை. தேங்காய் உடைத்து அனுப்பினார். செய்த வேலை கைவிட்டபோது, பழியை எடுத்து வாசலில் நின்ற மனிசனின் தலையில் வைத்தார். என் கோபம் ஈயத்தாளில் இல்லை. செத்தவீட்டில் அவர் சொன்ன அந்தப் பேச்சில்தான்.

ஸ்டட்டை மீரான் நானாவின் கையில் கொடுத்து விளங்கப்படுத்தினேன். அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"அப்ப நெல்லு?"

"நெல்லு இல்லை, நானா. நீங்கள் ஒருத்தரையும் ஏத்தாமல் வெறுங்காரை ஓட்டியிருந்தாலும் இது எப்பவோ விட்டிருக்கும்."

அவர் காருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே குந்தி இருந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் உள்ளே போய், தேவையில்லாமல் ஸ்பனர்களை அடுக்கினேன். கொஞ்சநேரத்தால் அவர் எழும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மாறியிருந்தது. "இதைச் சரியாச் செய்யேலுமோ? சாமான் இல்லையெண்டுதானே அவர் தாளை வைச்சவர். சாமான் இல்லாமல் செய்யேலுமோ, ஏலாதோ? அதையும் எனக்குத் தெரியவேணும்" என்றார்.

செய்யலாம். எப்படிச் செய்தோம் என்பதைப் போமனின் பேரனுக்காகவே எழுதுகிறேன். இப்போது அவனுக்கு வெளிநாட்டிலிருந்து கைக்கு அடக்கமான பெட்டிகளில் புரிவளையம் வருகிறதாம். எங்களுக்கு வரவில்லை.

உரிந்த ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாகப் புரி வெட்டி, அதற்குள் வெளியிலும் உள்ளிலும் புரி வைத்த ஒரு சின்ன உலோக வளையத்தை இறக்க வேண்டும். அந்த வளையத்துக்குள் ஸ்டட் இறங்கும். மெல்லிய உடம்புக்கு இப்போது அகலமான பிடி கிடைக்கும். வளையத்துக்கு மீரான் நானா முல்லைத்தீவுக் கரையில் தேடி, உடைந்த இயந்திரப் படகின் வெண்கலப் புஸ் ஒன்று, தடித்த குழாய்த் துண்டு, கொண்டுவந்தார். கராஜில் கடைசல் மெஷின் இருந்தது. வளையத்தின் வெளிப்புரி எங்கள் விருப்பம். எங்களிடம் இருந்த டாப், அதாவது உட்புரி வெட்டும் கருவி, அங்குலக் கணக்கு, அதற்கு ஏற்ப அதை வெட்டினேன். உட்புரி காரின் விருப்பம். அது மில்லிமீற்றர்க் கணக்கு, இங்கிலீஸ்காரன் விட்டுப்போன டாப் எதுவும் அதற்குச் சரிவராது. அதனால் அதே எஞ்சினின் ஸ்டட் ஒன்றைப் பலியாக்கினேன். புரியின் மேல் நீளவாட்டில் பள்ளமாய்க் காடி அராவி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து அதையே டாப்பாக்கினேன். வெண்கலத்தை அது நன்றாக வெட்டியது. அந்த ஸ்டட்டுக்கும், தாள் சுற்றியபடியே எடுத்து வைத்த நாலுக்கும் ஈடாக டிராக்டர் போல்ட்டுகளிலிருந்து ஐந்து கடைந்தேன்.

எஞ்சினை முழுக்கப் பிரித்து, உடம்பின் இரண்டு பாதியையும் மண்ணெண்ணெயில் கழுவினோம். பிரிக்காமல் துளைத்தால் சீவல் உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிடும். துளை மெஷினில் எஞ்சின் உடம்பை வைத்த பலகைக்குக் கீழே தகடு தகடாக வைத்து மட்டம் பார்த்தேன். ஓட்டை மயிரளவு சரிந்தாலும் நீள ஸ்டட்டின் மறுமுனை விரலளவு விலகி நிற்கும். துளைக்கும் கம்பியில் ஆழத்துக்கு ஒரு வளையம் இறுக்கினேன், அதற்கு மேலே இறங்காது. டாப்பை அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு, மண்ணெண்ணெய் விட்டு விட்டு இறக்கினேன். கிட்ட ஒருவரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. மக்னீசியச் சீவல் பற்றினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை நெருப்பு. தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும், மணல்தான் போட வேண்டும். மீரான் நானா மணல் வாளியோடு பக்கத்திலேயே நின்றார்.

நாலு ஓட்டையோடு நிற்கவில்லை. பதினாறுக்கும் போட்டேன். ஒன்று விட்டால் மற்றவை தானாக விடும். நாலை மட்டும் செய்வதும் தாள் சுற்றுவதும் எனக்கு ஒன்றுதான்.

கடைசியாக முறுக்கும் கட்டம். இவ்வளவு இறுக்கம்தான் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது, ஆனால் அதை அளக்கும் ஸ்பனர் வன்னியில் யாரிடமும் இல்லை. மீரான் நானாதான் வழி சொன்னார். தன் பழைய மீன் தராசைக் கொண்டுவந்தார், கொளுவியில் மீனை மாட்டி இழுத்து நிறுக்கும் வில்லுத் தராசு. ஒரு அடி நீள ஸ்பனரின் நுனியில் கொளுவி, புத்தகம் சொன்ன றாத்தல் காட்டும்வரை இழுத்தோம். அவர் இழுத்தார், நான் முள்ளைப் பார்த்தேன். என் கை இன்னும் ஒரு இழுவை கேட்டது. நான் கொடுக்கவில்லை.

போமன் திரும்பி வந்தபோது எஞ்சின் மேசையில் பூட்டி முடிந்து கிடந்தது. பக்கத்தில், பழந்துணியில் அந்த நாலு ஸ்டட்டுகளை வைத்திருந்தேன், தாள் கழற்றாமல். அவர் வாசலில் நின்று எஞ்சினைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கராஜில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?" என்றார், அதே அமைதியான குரலில்.

"கார்ச் சொந்தக்காரரைக் கேட்டு" என்றேன். "ஐயா, செத்தவீட்டிலை சொன்னதை நீங்களே போய் மாத்திச் சொல்லவேணும். தங்கம்மா அக்காவுக்கு முன்னாலை. மீரான் நானா பாவம்."

அவர் பஞ்சுக் கழிவை எடுத்தார். கையில் அழுக்கே இல்லை, அப்போதுதான் பஸ்ஸால் இறங்கியவர். ஆனாலும் சின்ன விரலில் தொடங்கித் துடைத்தார். பெருவிரல் முடிந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு வா."

மற்றவர்கள் அசைந்தார்கள். பழக்கம். இரண்டு பேர் ரோட்டை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். நான் அந்த நாலு ஸ்டட்டையும் துணியோடு சுற்றி எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் வெளியே போனேன். திரும்பி அந்தக் கராஜுக்குள் காலடி வைக்கவில்லை. மீரான் நானா வண்டி கொண்டுவந்து எஞ்சினை ஏற்றி, காரையும் மாடு கட்டி இழுத்துப்போனார், அவர் வீட்டு முற்றத்தில் வைத்துக் காரில் பூட்டினோம்.

அந்தக் காரிலேயே இரண்டு பேரும் முத்தையன்கட்டுக்குப் போனோம். தங்கம்மா அக்கா காரைக் கண்டதும் படலையை மறித்துக்கொண்டு நின்றா. மீரான் நானா இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கிப் போய்த் துணியை விரித்துக் காட்டி, ஆர் என்ன செய்தது என்று சொன்னேன். அவ ஒரு ஸ்டட்டை எடுத்து நகத்தால் தாளைச் சுரண்டினா. பிறகு என்னைத் தாண்டிக் காரைப் பார்த்துக் கேட்டா:

"நானா, நீங்கள் நெல்லு ஏத்தேல்லையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கதவைத் திறந்து இறங்கி நின்றார். "ஏத்தினனான், தங்கச்சி. காலமை ரெண்டு மூடை ஏத்தினனான்."

"அதாலை இல்லை, அக்கா" என்றேன் நான்.

அவ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. "அந்த ஆள் எனக்கு முன்னாலை நிண்டு சொன்னவர்" என்றா. "என்ரை மனிசன் கிடக்கேக்கை, தலைமாட்டிலை நிண்டு சொன்னவர்." அழுது முடித்துவிட்டுப் படலையை அகலத் திறந்தா. "உள்ளுக்கு வாங்கோ, ரெண்டு பேரும்."

அவ வைத்துத் தந்த தேநீரை மீரான் நானாவால் கையில் பிடிக்க முடியவில்லை. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் குனிந்து குடித்தார். இன்றைக்கும் அந்தக் காட்சி என் கண்ணுக்குள் நிற்கிறது.

குடியேற்றத்துச் சனத்துக்கு உண்மை தெரிந்தது. மீரான் நானாவை அவர்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த எஞ்சினின் ஸ்டட் ஒன்றும் பிறகு அசையவில்லை. ஆனால் மாங்குளம் சந்தியில் கதை மாறவில்லை. போமன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. புது வேலைக்காரர் வந்தார்கள், ரோட்டைக் கடந்து தேநீர் குடிக்கப் போனார்கள். நெல் மூடைக் கதையை வாகனக்காரருக்குப் புத்திமதியாகச் சொன்னார்கள். அதுதான் அறுபது வருசம் உருண்டு வந்து மலரில் ஏறியிருக்கிறது.

தங்கம்மா அக்கா இப்போது இல்லை. மீரான் நானா கடைசிக் காலத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றிய நேரம், ஊரை விட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் கண்ணை மூடி மௌத்தானார். கூட இருந்த கார் என்ன ஆனதென்று தெரியாது. அவருடைய மகன் திரும்பி வந்து முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிறார். நான் போனால் இன்றைக்கும், "வாப்பாவின்ரை எஞ்சின்காரர்" என்று சொல்லிக் கதிரை எடுத்துப் போடுவார்.

பேரா, உன் தாத்தா கெட்டிக்காரர். அதை எழுது, நானும் கையெழுத்து வைக்கிறேன். இந்தக் கட்டுரையை நீ மலரில் போடாவிட்டாலும் எனக்கு மனவருத்தம் இல்லை. அந்த இரண்டு வரியை எடுத்துவிடு. எடுக்க மனமில்லை என்றால், மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியைக் கொண்டுபோய் மீரான் நானாவின் மகன் கையில் நீயே கொடு. அந்தப் பக்கத்தைத் திறந்து, நீயே வாசித்துக் காட்டு. நான் கூட வருவேன். நீ வாசிக்கிற நேரத்தில் தேத்தண்ணி குடிக்கப் போகமாட்டேன், பக்கத்திலேயே நிற்பேன்.